ஐம்பத்தெட்டு வீட்டின் ஒரே பதில்

பிறப்புச் சான்றிதழின்படி ஜுனைதா பிறந்தது 1991 ஜனவரி பதினான்காம் திகதி. உண்மையில் அவள் பிறந்தது அதற்கு ஆறு கிழமைக்கு முன்னர். போர்க்காலத்தில் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் சனங்கள், கற்பிட்டிக் குடாநாட்டின் தென்னந்தோட்டமொன்றில் கிடுகால் குடில் கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பிறப்பைப் பதிவதற்கு ஆள் வந்த நாளே பிறந்த நாளாயிற்று. அந்த இடத்தில் இன்று கல்வீடுகளும் பள்ளிவாசலும் உண்டு. ஆயினும் ஆலங்குடாப் பக்கம் பஸ்ஸில் வருபவர்கள் நடத்துநரிடம் இன்னும் "முகாமடியில இறக்குங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

ஜுனைதா சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். எழுத்து அழகாக இருக்கிறதென்று, 2019ஆம் ஆண்டு மிட்வைஃப் அவளை மாதாந்தக் கிளினிக்கில் உட்காரவைத்தார். பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள மண்டபத்தின் கூரை வளையில் தொங்குதராசைக் கட்டி, பிள்ளைகளை ஒவ்வொருவராக அதில் மாட்டுவார்கள். மிட்வைஃப் நிறையை வாசிப்பார், ஜுனைதா எழுதுவாள். சம்பளமில்லாத வேலை. ஆறு வருடங்களில் ஒரு பிள்ளையின் நிறையையும் அவள் பிழையாக எழுதியதில்லை.

தன் கடைக்குட்டி நப்லாவின் நிறையையும் அவளேதான் எழுதினாள். 2025 ஏப்ரலில் ஒன்பது கிலோ அறுநூறு கிராம். ஜூனில் ஒன்பது நானூறு. இரண்டு வயதும் நான்கு மாதமுமான பிள்ளை, ஏறவேண்டிய காலத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வளர்ச்சிப் பதிவேட்டின் பச்சைப் பட்டையை எப்போதோ விட்டிருந்த புள்ளிகள், செம்மஞ்சளைக் கடந்து சிவப்பை நோக்கிச் சரிந்தன.

காரணம் தேடி அலையத் தேவையில்லை. மே மாதத்திலிருந்து காற்றுக்காலம். அந்தக் காற்றுக்காகவே வெள்ளைக்காரர்கள் விமானமேறி வந்து, ஆலங்குடாக் கரையில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடுகிறார்கள். அதே காற்றில் அவளது கணவன் நிஸார் கூலிக்குப் போகும் படகு கடலுக்குப் போகாமல் கரையில் கவிழ்ந்து கிடக்கும். ஜுனைதாவுக்கு வெங்காயத் தோட்டத்தில் களையெடுப்பு இருந்தால் மாலையில் சோறு. இல்லாவிட்டால் பாணும் பிளேன்டீயும். முட்டை என்பது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் வாங்கும் சாமான்.

அந்த ஜூனில்தான் ஜெசிக்கா வந்தாள். சிலாபத்துக் கத்தோலிக்கப் பெண். வெளிநாட்டு நிதியமொன்றுக்காகக் கணக்கெடுக்கும் நிறுவனத்தில் உத்தியோகம். புத்தளத்தில் நடந்த ஒருநாள் பயிற்சியில் அவள் விளக்கியது இது: உலக நாடுகள் கூடி, பிள்ளைகளின் போசாக்கின்மையை ஒழிக்கப் பணம் தருவதாக வாக்களித்திருக்கின்றன. அதில் ஒரு சிறு பங்கு இந்தக் கரைக்கு வரும். தெரிவாகும் ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வருடங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை, பருப்பு, சத்துமா. எந்த ஊர் என்பதை வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்விகளே முடிவுசெய்யும். கிளினிக் பதிவேடு அதற்குச் செல்லாது.

ஜுனைதாவுக்கு வழிகாட்டும் பொறுப்பு. "வீட்டைக் காட்டுங்க, அது போதும் அக்கா. பதில மட்டும் நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. அது பெரிய பிழை" என்று ஜெசிக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். விதி என்றால் ஜுனைதாவுக்கு விதிதான்.

முதல் வீடு ஃபர்ஸானாவுடையது. ஜெசிக்கா கையிலிருந்த டெப் கணினியைப் பார்த்து வாசித்தாள்.

"கடந்த நாலு கிழமைக்குள்ள, சாப்பாடு போதாம உங்கட வீட்டுல ஆராவது ஒரு நேரம் பட்டினி கிடந்தீங்களா?"

ஃபர்ஸானா முக்காட்டைச் சரிசெய்தாள். ஒரு மூச்சு விட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ், மிஸ்."

"அப்ப அப்படி ஒண்டும் இல்ல?"

"அல்ஹம்துலில்லாஹ். இருங்களன், பிளேன்டீ ஊத்துறன்."

ஜெசிக்காவின் விரல் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டது. ஜுனைதா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாப் புகழும் இறைவனுக்கே என்ற அந்தச் சொல், அவ்வூரில் ஆம் என்றோ இல்லை என்றோ பொருள்படும் பதில் அன்று. நிறைந்த சட்டிக்கும் கவிழ்த்த சட்டிக்கும் அதே சொல்தான். வேறுபாடு அதற்கு முன்னால் விடும் மூச்சில் இருக்கும். மூச்சைப் பதிவதற்கு டெப்பில் கட்டம் இல்லை. மூன்று நாட்களில் ஐம்பத்தெட்டு வீடுகள். ஐம்பத்தெட்டிலும் அதே பதில்; விரலும் அதே இடத்தைத் தொட்டது.

கடைசி வீடு ஜுனைதாவுடையது. நிஸார் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நப்லா அவன் முதுகில் சாய்ந்து நின்று விரல் சூப்பிக்கொண்டிருந்தது. மூன்று நாட்களாகக் கேட்டு மனப்பாடமான கேள்வியை, இப்போது ஜெசிக்கா ஜுனைதாவிடம் கேட்டாள். முந்திய வெள்ளிக்கிழமை தான் மூன்று பிள்ளைகளுக்கும் பாணைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தது ஜுனைதாவுக்கு நினைவிருந்தது. நிஸாரின் கை வலையில் நின்றதும் தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

ஓகஸ்ட் ஆறாம் திகதி பட்டியல் வந்தது. இருபத்திரண்டு ஊர்கள். புத்தளம் களப்புக்கு அப்பாலுள்ள எலுவன்குளத்தின் பெயரும் இருந்தது. முகாமின் பெயர் இல்லை. ஜுனைதா அன்றே பஸ்ஸேறிப் புத்தளம் போய், ஜெசிக்காவின் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தாள்.

"உங்கட ஊர்லதான் அக்கா ஒரு வீட்டுலயும் பிரச்சின இல்லையே" என்றாள் ஜெசிக்கா. உண்மையாகவே மகிழ்ந்திருந்தாள். "எல்லாரும் சந்தோசமா அல்ஹம்துலில்லாஹ் எண்டாங்களே."

"எங்கட ஆக்கள் மையத்துக் கெடக்கிற வீட்டுலயும் அதத்தான் சொல்லுவாங்க, மிஸ்."

ஜெசிக்காவின் முகம் மாறியது. "அப்ப ஏன் அக்கா அண்டைக்கே சொல்லல்ல?"

"வாயத் திறக்கக் கூடாதெண்டு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னன்தான். ஆனா, உங்கட வீட்டுல பதில் சொன்னது நீங்கதானே?"

ஜெசிக்கா எழுந்து, அலுமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்து வந்தாள். ஆட்சேபத்துக்குப் பதினான்கு நாட்கள் உண்டு. பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பதிலைத் திருத்திக் கொடுத்தால் ஊரின் பெயர் மீண்டும் பரிசீலிக்கப்படும். ஒவ்வொரு தாளிலும் அச்சிட்ட ஒரு வசனம்: 'எமது வீட்டில் போதிய உணவு இல்லை.' அதன் கீழே குடும்பத் தலைவரின் கையொப்பம்.

முப்பது கையொப்பம் தேவை. முதலிரண்டு நாட்களில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"சொன்ன அல்ஹம்துலில்லாஹ்வ திருப்பி எடுக்கச் சொல்லுறியா?" என்று கேட்டாள் ஃபர்ஸானா.

"அத ஆரு எடுக்கச் சொன்ன? அது அல்லாஹ்வுக்குச் சொன்னது, அங்கயே இரிக்கட்டும். இது மிஸ்ஸுக்கு. நேத்து ராவைக்கு என்ன ஆக்கின, அதச் சொல்லு."

"என்னத்த ஆக்கின. பாணும் சீனிச் சம்பலும். மூத்தவன் கேக்கிறான், இது கலியாண வீட்டுச் சாப்பாடா உம்மா, முந்தநாள் சம்பலே இல்லையே எண்டு."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அடுப்பில் என்ன ஏறியதென்று கேட்டால் எல்லாப் பெண்களும் தயங்காமல் சொன்னார்கள். அவர்களுக்குச் சட்டிக் கதை முறைப்பாடாகாது. ஜுனைதா ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு நாள் சாப்பாட்டைத் தாளின் பின்புறத்தில் திகதியிட்டு எழுதினாள். முன்புறத்தைத் திருப்பியதும் பேச்சு நின்றுவிடும்.

"எங்கட மனுசன் கையெழுத்து வெக்கிறது இரிக்கட்டும்" என்றாள் ஃபர்ஸானா. "ஒன்ட வீட்டுத் தாள் எங்க? அத முதல்ல காட்டு. நெறை எழுதுறவ நீ. எங்களப் பிச்சக்காரியாக்கிட்டு நீ மட்டும் மகாராணியா இரிக்கப் போறியா?"

மற்ற வாசல்களிலும் அதையே கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

நிஸார் தாளை வாசித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"ஆறு வயசுல இஞ்ச வந்தவன் நான். இருவது வயசு மட்டும் வாப்பாட நிவாரண அட்டையப் புடிச்சிட்டு லைன்ல நிண்ட. புழுப் புடிச்ச அரிசி. என்ட புள்ள லைன்ல நிக்காதெண்டு நிய்யத்து வெச்சிருக்கன்."

"இது லைன் இல்ல, மச்சான்."

"கையெழுத்து வெச்சா லைன்தான்."

ஜுனைதா வாதாடவில்லை. பதினான்காம் திகதி கிளினிக். "நான் எழுதோணும். நீங்க புள்ளயத் தூக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். நிஸார் அதுவரை அந்த மண்டபத்துக்குள் வந்ததில்லை.

மீனைக் கையில் ஏந்திப் பார்த்தே நிறை சொல்பவன் நிஸார். நூறு கிராமுக்கு மேல் பிசகாது என்பதில் கரையில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. வரிசையில் நிற்கும்போது, ஃபர்ஸானா அவனைச் சீண்டினாள்.

"நிஸார் நானா, தராசு என்னத்துக்கு. நீங்களே சொல்லுங்களன், எவ்வளவு வரும்?"

நிஸார் நப்லாவை இரு கைகளிலும் உயர்த்தி இறக்கினான். "பதினொண்டர. குறைஞ்சா பதினொண்டு."

நப்லாவைத் தராசின் காற்சட்டைத் துணியில் மாட்டினார்கள். முள் ஆடி நின்றது. "ஒன்பது நூறு" என்றார் மிட்வைஃப். ஜுனைதா எழுதினாள்.

"தராசு பிசகு" என்றான் நிஸார்.

அவன் வெளியே போய், எதிரேயிருந்த கடையில் ஐந்து கிலோ அரிசிப் பையொன்றை இரவல் வாங்கி வந்து, தானே தராசில் மாட்டினான். முள் ஐந்தில் நின்றது. பையை இறக்கிவிட்டுப் பிள்ளையை மறுபடி மாட்டினான். ஒன்பது நூறு. அவன் முள்ளைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கணுக்காலை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்து, விரல்கள் எவ்வளவு தூரம் ஒன்றையொன்று தாண்டுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேனயத் தா" என்றான்.

ஜுனைதாவின் மேசையில் வைத்தே, எல்லார் முன்னிலையிலும், முழுப்பெயரை எழுதிக் கையொப்பமிட்டான். பின்னர் அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனான்.

ஆறு நாட்களில் முப்பத்துநான்கு தாள்கள் சேர்ந்தன. மற்ற இருபத்துநான்கு வீடுகள் தங்கள் பதிலிலேயே நின்றன. ஜுனைதா இரண்டாம் முறை வற்புறுத்தவில்லை. இருபதாம் திகதி, தவணை முடியும் நாளில், தாள்கட்டை ஜெசிக்காவிடம் ஒப்படைத்தாள். ஜெசிக்கா ஒவ்வொரு தாளின் பின்புறத்தையும் வாசித்தாள். மேலிடத்துக்குத் தானே ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னாள், எழுதவும் செய்தாள்.

மறுமொழி ஒக்டோபர் இருபத்தோராம் திகதி வந்தது. அதற்குள் நப்லா ஒன்பது கிலோவுக்கு இறங்கிவிட்டது. புள்ளி சிவப்புக்குள் விழுந்திருந்தது. பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக மிட்வைஃப் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். காற்று விழுந்து கடல் திறந்திருந்ததால், நிஸார் பகலில் கரை வந்து சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான். ஜுனைதா கடிதத்தை அவனுக்கு முன்னால் நின்று வாசித்தாள். ஆட்சேபம் நியாயமானதென்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆயினும் வாக்களிக்கப்பட்ட நிதியில் ஒரு பகுதியே இதுவரை கிடைத்திருப்பதால், அது முதற்பட்டியலிலுள்ள ஊர்களுக்கே போதாதிருக்கிறது. எஞ்சிய நிதி கிடைத்ததும் இவ்வூர் கவனத்தில் கொள்ளப்படும்.

"எப்பவாம்?"

"திகதி போடல்ல."

நிஸார் தன் சோற்றுக் கோப்பையிலிருந்த மீன் துண்டை முள் பார்த்துப் பிய்த்து, பக்கத்தில் இருந்த நப்லாவின் வாயில் வைத்தான். பிள்ளை மெதுவாக மென்றது, பாதியைத் துப்பியது. அவன் அதைத் துடைத்துவிட்டு, இன்னொரு துண்டைப் பிய்த்தான்.

"வாக்குக் குடுத்த ஆக்கள் ஆரு?"

"நாடுகள். பேரெல்லாம் பயிற்சியில சொன்னாங்க."

"அவங்க கையெழுத்து வெச்சாங்களா?"

ஜுனைதா கடிதத்தை மேலிருந்து கீழாக மறுபடியும் வாசித்தாள். பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தாள். அதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.