நெல்சக்களத்தியும் வெள்ளை பனியனும்

நல்லூரில் எங்கள் கம்பெனி வாசலில், ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒரு பச்சை முளைத்திருக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் அதை நெல் என்று நம்பிச் சுற்றிலும் கல் வைத்துக் காவல் காக்கிறார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அது நெல்சக்களத்தி.

சதுப்பில் கிடந்த புல். வாய்க்கால் வழியே வயலுக்குள் புகுந்து, நெல்லைப் போலவே வேஷம் போட்டு, நெல்லின் உரத்தைத் தின்று கொழுக்கும். தாராபுரம் பக்கம் எங்கள் வயலில் முதன்முதலாகக் களையெடுத்த அன்று, நெல்லைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு இதைப் பத்திரமாக விட்டுவைத்த மகராசி நான்.

"நல்லாப் பண்ணுன போ. தைக்குப் புல்லைத்தான் பொங்கித் திங்கோணும்" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் நான் கண்ணை நம்புவதில்லை. இலை தண்டோடு சேருமிடத்தில் நெல்லுக்குச் சின்ன நாக்கும் சுணையும் இருக்கும். சக்களத்திக்கு மொழுமொழுவென்றிருக்கும். விரலால் தடவினால் தெரிந்துவிடும்.

கல்யாணமாகித் திருப்பூர் வந்து இந்தப் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் சேர்ந்தேன். மற்றவர்கள் நூறு பீஸ் பார்க்கும் நேரத்தில் நான் தடவித் தடவி நாற்பதுதான் பார்ப்பேன். "சனிக்கிழமையோட நின்னுக்க கண்ணு" என்றுவிட்டார் சூப்பர்வைசர். அவருக்கு அது ஒரு வார்த்தைதான். வீட்டில் அடுப்பெரிவது என் சம்பளத்தில்.

வெள்ளிக்கிழமை வெள்ளை பனியன் வந்தது. மடிக்கும்போது விரல் நின்றது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வெள்ளைதான், ஆனால் ஒரே துணி இல்லை.

"ஏனுங்க, ரெண்டு துணி கலந்திருக்குதுங்க."

"ட்யூப்லைட்டுல எங்களுக்கே தெரியல. உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. தடவிப் பாருங்க."

சலித்துக்கொண்டே இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் வட்டமாக வெட்டித் தராசில் வைத்தார். ஒன்று எடை கூட. இன்னொரு பனியனை வெட்டினார். அதிலும் அப்படியே. முகம் வெளுத்துவிட்டது. கப்பலேற வேண்டிய மொத்தச் சரக்கும் என் மேசைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிரித்துத் தள்ளினேன். எனக்கு அன்று இருந்த திமிர் இருக்கிறதே, அப்படியொரு திமிர்.

"அப்ப சனிக்கிழமைங்க?" என்றேன்.

"ஓவர்டைம் இருக்குது. வந்திரு."

இன்று அந்தச் செக்கிங் பிரிவே என் பொறுப்பில். எங்கள் வயல் மனையிடமாகிவிட்டது. மிச்சமிருக்கும் வயல்களில் மருந்தடித்துவிடுகிறார்கள். வரிசையாகக் குனிந்து ஊர்வம்பு பேசிக் களையெடுத்த கூட்டம் அங்கே இல்லை. அதில் பாதிப் பேரை நான்தான் இங்கே கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறேன்.

வாட்ச்மேன் அண்ணனிடம் உண்மையைச் சொல்லவில்லை. அடியில் ஒருமுறை தடவிப் பார்த்தேன். மொழுமொழு. களையென்று தெரிந்தே நான் பிடுங்காமல் விட்டது இது ஒன்றுதான்.