சும்மா வந்த ரயில்

பொய் சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி வரப்போகிறதெல்லாம் மற்றவர்கள்மேல் எனக்குள்ள கோபம். அதைச் சொல்லி முடித்தபிறகு பொய்யை ஒத்துக்கொண்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

மன்னார் தீவின் கீரியில் வீதியோரமாக எனக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. தண்ணீர்ப் பம்ப், மின்விசிறி எரிந்துபோனால் மோட்டருக்குள் இருக்கும் பழைய செப்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். இதைத்தான் பம்ப் கட்டுவது என்போம். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. கம்பிச் சுற்றுகளை எண்ண அதற்கு மேல் படிப்புத் தேவைப்படவில்லை. ஆட்களோடு கதைப்பதுதான் எனக்கு வராது. கடைக்கு வருகிறவர் பம்பை வைத்துவிட்டு "எப்ப தருவீங்கள்?" என்று கேட்டால் விரலைக் காட்டுவேன். இரண்டு விரல் என்றால் இரண்டு நாள்.

கடையின் பின்னறையில் பழைய கதவு ஒன்றைக் கட்டைகளின்மேல் கிடத்தி, அதன்மேல் ஒரு சின்ன ரயில் ஓடவிட்டிருந்தேன். எஞ்சின் ஒரு சாண் நீளம். நான்கு பெட்டிகள், ஒரு ஸ்டேசன், ரயில் வரும்போது தானாக இறங்கும் ஒரு கேற். பழைய தலைமன்னார் ரயிலை நினைத்துத்தான் செய்கிறேன் என்று பார்த்தவர்கள் தாங்களாகவே சொல்லிக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சின்ன வயதில் நான் அந்த ரயிலில் ஏறியதே இல்லை. சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைக் கழற்றிப் பங்கருக்குக் கூரை போட்டதைத்தான் பார்த்தேன். எனக்குப் பிடித்தது வேறு. அந்த எஞ்சினுக்குள் சுண்டுவிரல் அளவு மோட்டர் ஒன்று இருக்கிறது. தலைமயிரைவிட மெல்லிய கம்பியை, ஒரு சுற்று மற்றச் சுற்றின்மேல் ஏறாமல், யாரோ ஒருவர் சுற்றி வைத்திருக்கிறார். இருபத்தைந்து வருடம் கம்பி சுற்றுகிறவனுக்கு அதைப் பார்த்தால் தூக்கம் வராது.

ஜேர்மனியில் இருக்கும் மாமி மகன்தான் முதன்முதலில் அதைக் கைபேசியில் காட்டினான். "மச்சான், இஞ்ச பழசு மலிவா விக்கிறாங்கள், வேண்டி அனுப்பட்டோ?" என்று கேட்டான். மலிவு என்று அவன் சொன்னது அங்கத்தைய மலிவு. எஞ்சின் மட்டும் இங்கத்தைய காசில் அறுபதாயிரம். அவன் அங்கே வாங்குவான். நான் இங்கே மாதாமாதம் வங்காலைக்குப் பஸ் ஏறிப்போய் அவன் தாயின் கையில் காசு கொடுப்பேன். தாய்க்குக் காசு அனுப்பும் செலவு அவனுக்கு மிச்சம். எனக்கும் ஒரேயடியாகக் கொடுக்கத் தேவையில்லை.

மனைவி கேட்டபோது, "மச்சான் சும்மா அனுப்பினவன்" என்றேன்.

இந்தத் தீவில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சாமானுக்கு விலை கிடையாது. சப்பாத்து, சொக்லேற், கோயில் ஒலிபெருக்கி எல்லாமே சும்மா வருகின்றன. அங்கே ஒருவன் பனியில் நின்று கோப்பை கழுவியதை யாரும் நினைப்பதில்லை. இன்னொன்று கேட்டால் இன்னொன்று வரும். அவ்வளவுதான் இங்கே கணக்கு. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் நானும் அதற்குள் ஒளிந்தேன்.

எஞ்சினோடு செலவு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் வந்த தண்டவாளம் இரும்பு. கடலிலிருந்து ஒரு சோளகக் காற்று வீசி முடிவதற்குள் உப்பு ஏறிச் செம்மண் நிறமாகிவிட்டது. துருப்பிடிக்காத வகை எடுக்கவேண்டி வந்தது. மின்சாரம் கூடிக்குறைந்து வந்ததில் ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி ஒன்று எரிந்துபோனது. இரண்டு இஞ்ச் நீளமான கேற்றுக்கு நான் கொடுத்ததை நினைத்தால், வீதியில் உள்ள உண்மையான கேற்றை மலிவாக வாங்கியிருக்கலாம் போலிருக்கும். எல்லாமாக மூன்று லட்சத்தைத் தாண்டியது.

இதற்கிடையில் என் வீட்டுப் பம்ப் எரிந்துபோனது. ஊர்ப் பம்பெல்லாம் கட்டுகிறவனுக்குத் தன் வீட்டுப் பம்பைக் கட்டக் கம்பி இல்லை. "செப்பு விலை இறங்கட்டும்" என்று மனைவியிடம் சொன்னேன். இது இரண்டாவது பொய். கம்பிக்குரிய காசு வங்காலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் கிணற்றில் வாளி போட்டு அள்ளினாள். நான் வங்காலைக்குப் போகும் நாளில் கருவாட்டைக் கடதாசியில் சுற்றித் தருவாள். "மகன் இவ்வளவு சாமான் அனுப்புறான். தாயிட்ட வெறுங்கையோட போகாதேங்கோ." அந்தக் கருவாட்டையும் வாங்கிக்கொண்டு போனேன். மாமி காசை எண்ணி எடுத்துக்கொண்டு, கருவாட்டையும் எடுத்துக்கொள்வார்.

போன மார்கழியில் கோயில் மூப்பர் கடைக்கு வந்தார். கோயில் காரியங்களை எல்லாம் முன்நின்று பார்ப்பவர் அவர். வயதில் மூத்தவர், குரலும் பெரியது. நேரே பின்னறைக்குள் போய் ரயிலைக் காட்டினார்.

"தம்பி, இந்தக் கோச்சியைப் பாலன் குடிலுக்குத் தாரும். இந்த நத்தாருக்குச் சனம் வாயைப் பிளக்கவேணும்."

பெத்லகேமில் கோச்சி ஓடியதா என்று கேட்டிருக்கலாம். எனக்கு அந்தக் கேள்வி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அப்போது தலையை ஆட்டினேன்.

எங்கள் ஊரில் கிறிஸ்து பிறப்பைக் காட்டும் பாலன் குடிலுக்குக் கடல்மணல்தான் பரப்புவார்கள். குருமணல் சரிவராது, வீட்டு மண் கூடாது. கீரிக் கரையில் அலை கழுவிய மணலைச் சாக்கில் அள்ளிவந்து கொட்டவேண்டும். அதன்மேல்தான் பாலனைக் கிடத்தவேண்டும். எப்போதும் அப்படித்தான். எங்கள் கரை மணலில் கருமணல் கலந்திருக்கிறது. அது இரும்புச் சாதி. காந்தத்தை மணலில் இழுத்தால் ஒரு நொடியில் தாடி முளைக்கும். எஞ்சினின் மோட்டருக்குள் இருப்பது காந்தம். எஞ்சினின் அடிப்பக்கம் திறந்தபடிதான் இருக்கும்.

இது மூப்பருக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் கரையில் கருமணல் தோண்ட வந்த கம்பனியை வராதே என்று அட்டை பிடித்து வெயிலில் நின்றவர் அவர். ஒலிபெருக்கியில் முக்கால் மணிநேரம் கருமணலைப்பற்றிக் கதைத்தவர்.

நான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்.

"மூப்பர், மணலுக்கு மேல வைக்கக்கூடாது. பலகை ஒண்டு போட்டு உயர்த்துவம்."

"பலகை போட்டால் வடிவில்லை தம்பி. மணலிலதான் வைக்கோணும்."

இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஏற்கெனவே வேறொருவரைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சூசையப்பரின் காலடியிலிருந்து மாட்டுக் கொட்டிலைச் சுற்றித் தண்டவாளத்தை மணலில் புதைத்தேன். என் கையாலேயே புதைத்தேன்.

முதல் நாள் ஓடியது. சனம் வாயைப் பிளந்தது. மூப்பர் என் தோளில் தட்டினார். கைபேசியால் படம் எடுப்பதற்காக ஆட்கள் குனிந்தபோதெல்லாம் மணல் சரிந்தது.  நான் சுவரோடு நின்றேன்.

மூன்றாம் நாள் பின்னேரப் பூசை முடிந்து வெளியே வந்தபோது அந்த மணம் வந்தது. கம்பியின் வார்னிஷ் எரியும் மணம். மற்றவர்களுக்கு அது சாம்பிராணியோடு கலந்திருக்கும். எனக்கு அது பிழைப்பின் மணம். ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். எஞ்சினைத் திறந்து பார்த்தால், காந்தத்தைச் சுற்றிக் கறுப்புத் தாடி. கம்பி எல்லாம் கருகிக் கட்டியாகிவிட்டது.

மூப்பர் எட்டிப் பார்த்தார்.

"நிண்டுபோச்சோ? பரவாயில்லை. நிண்ட கோச்சியும் வடிவாத்தான் இருக்கு."

வீட்டில் அந்த மோட்டரைக் கட்டிப் பார்த்தேன். நான்கு நாள் கடையைப் பூட்டிவிட்டு, பூதக்கண்ணாடி ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கட்டினேன். என்னிடமுள்ள மிக மெல்லிய கம்பியும் அதற்கு வடம் மாதிரி. மூன்று தடவை சுற்றியும் உள்ளே அடங்கவில்லை. நான்காம் தடவை கம்பியைச் சுவரில் எறிந்தேன்.

திருநாட்கள் முடிந்த அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் கதிரைகளில். மனைவி பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் இருந்தாள். மூப்பர் எழுந்து குடிலுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொன்னார். மணல் ஏற்றிய உழவு இயந்திரத்துக்குக்கூட நன்றி சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கோச்சி ஒண்டு கெட்டுப்போச்சு. அதுக்கென்ன, தம்பியின்ர மச்சான் ஜேர்மனியில இருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் சும்மா இன்னொண்டு வரும். தம்பி, வாற வருஷம் கொஞ்சம் பெரிசாக் கேளும்."

சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "கேக்கிறதுதான் கேக்கிறியள், ஆள் ஏறுற மாதிரி ஒண்டு கேளுங்கோ. மன்னார் ரவுணுக்குப் போகலாம்" என்றார். இன்னும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் என் பொய்க்குச் சிரித்தாள்.

நான் எழுந்தேன். அந்த மண்டபத்தில் அதற்கு முன் நான் எழுந்ததில்லை. 

"சும்மா வரேல்லை" என்றேன்.

"என்ன தம்பி?"

"அது சும்மா வரேல்லை. அறுபதாயிரம். நான் பம்ப் கட்டின காசு. மாதம் மாதம் மாமியிட்டக் குடுத்தனான். மணலில வைக்காதேங்கோ எண்டு சொன்னனான். கருமணலைப்பற்றி மைக்கில கதைச்ச உங்களுக்குத் தெரியாதோ, மூப்பர்?"

 மூப்பர் கணக்குப் புத்தகத்தை மூடினார்.

"அறுபதாயிரத்துக்கு விளையாட்டுச் சாமானோ? முதலே சொல்லியிருந்தால் தொட்டிருக்கமாட்டமே" என்றார்.

அதுதான் இன்றுவரை எரிகிறது. விலை தெரிந்திருந்தால் தொட்டிருக்கமாட்டார்களாம். விலை இல்லாத சாமானென்றால் உடைக்கலாமாம்.  ஆனால் விலை இல்லை என்று சொன்னவன் நான். திரும்பிப் பார்த்தபோது மனைவியின் கதிரை வெறுமையாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அவள் கிணற்றடியில் நின்றாள். வாளி உள்ளே கிடந்தது.

"எஞ்சின் அறுபது. முழுக்க எவ்வளவு?"

சொன்னேன்.

"பம்ப் கட்டக் கம்பிக்கு எவ்வளவு வேணும்?"

"எட்டாயிரம்."



"நான் மாமிக்குக் கருவாடு கட்டித் தந்தனான்" என்றாள். காசைப்பற்றி அவள் அதற்குப் பிறகு கதைக்கவில்லை. கயிற்றை எடுத்து என் கையில் வைத்தாள். "பதினாலு மாதம் நான் அள்ளினனான். இனி நீங்கள் அள்ளுங்கோ. பதினாலு மாதம் முடியட்டும். அதுக்குப் பிறகு பம்பைக் கட்டுங்கோ."

"நாளைக்கே கட்டித்தாறன்."

"வேண்டாம். கட்டினீங்களெண்டால் நான் வங்காலைக்குப் போறன்."

அவளுடைய தாய்வீடும் வங்காலைதான்.

அள்ளுகிறேன். காலையில் இருபது வாளி, பின்னேரம் இருபது வாளி. எங்கள் கிணறு வீதியோரம். பம்ப் கட்டுகிறவன் வாளியால் அள்ளுவதை ஊர் பார்த்துக்கொண்டு போகிறது. கையில் காய்ப்பு விழுந்துவிட்டது. மெல்லிய கம்பியைப் பிடித்தால் இப்போது உணர்ச்சி இல்லை. கோயிலிலிருந்து ஒரு சதம் வரவில்லை. மன்னிப்பென்று ஒரு சொல்லும் வரவில்லை. செத்த எஞ்சின் பின்னறையில் கதவின்மேல் நிற்கிறது. புது மோட்டர் ஒன்று பதினெட்டாயிரம் என்று மச்சான் சொன்னான். அதை மனைவியிடம் சொன்னேன். "காதில விழுந்தது" என்றாள். வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் அள்ளத் தொடங்கி இப்போது ஏழு மாதம் முடிகிறது. போன கிழமை மூப்பர் சைக்கிளில் வந்து கிணற்றடியில் கால் ஊன்றினார். அவர் வீட்டுப் பம்ப் எரிந்துவிட்டதாம்.

"என்ன தம்பி, ஊருக்கெல்லாம் பம்ப் கட்டிப்போட்டு நீர் வாளியோட நிக்கிறீர்?"

"கருமணல் அள்ளுறன், மூப்பர்" என்றேன். "வாளிக் கயிறு நீளமாத்தான் இருக்கு. நீங்களும் ஒரு பக்கம் பிடிக்கலாம்."

அவர் கயிற்றைத் தொடவில்லை. தன் வீட்டுப் பம்பை எப்ப கட்டித் தருவீர் என்று கேட்டார். ஏழு விரலைக் காட்டினேன்.

"ஏழு நாளோ?"

"மாதம்."

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"கதைச்சது காணும், அள்ளுங்கோ. தொட்டி இன்னும் பாதிதான்."

வாளியை இறக்கினேன்.