எண்ணெய்ச் சாடிக்கு முன்னால்

லண்டனில் ஒரு மியூசியத்தில், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறேன். உள்ளே கிரேக்க நாட்டு மண்சாடி. அதில் வேலும் கேடயமுமாக ஒரு அம்மன் கறுப்பாக நிற்கிறாள். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிடுகிறேன்.

நாளைக்கு ஊருக்குத் திரும்புகிறேன். விமான நிலையத்தில் எனக்கென்று மகன் சக்கர நாற்காலி சொல்லி வைத்திருக்கிறான். அது வேண்டாம், என் காலால் நடப்பேன் என்று காட்டத்தான் இன்று அவனோடு இவ்வளவு தூரம் நடந்தேன். வாசலில் கொடுத்து வைத்த கோட்டுகளை வாங்கிவர அவன் போயிருக்கிறான்.

காவலுக்கு நிற்கிறவர் கிட்ட வருகிறார். எங்கள் ஆள்தான்.

"அம்மா, சப்பாத்தைப் போடுங்கோ. இஞ்ச வெறுங்காலோட நிக்க ஏலாது."

போடப் பார்க்கிறேன். வீங்கிய கால் உள்ளே போகவில்லை. அவர் தன் கதிரையை இழுத்து வைக்கிறார். நான் உட்காராமல் பேச்சை மாற்றுகிறேன்.

"இது எந்தக் கோயில் சாடி, தம்பி?"

"அம்மன்ர திருவிழாவில ஓடி வெண்டவைக்குக் குடுத்த பரிசு அம்மா. உள்ளுக்கு நிறைய எண்ணெய் விட்டுக் குடுப்பினமாம்."

"காலுக்குப் பூசவோ?"

"அதுக்கும்தான்," என்று சிரிக்கிறார்.

சாடியின் பின்பக்கம் போய்ப் பார்க்கிறேன். நாலு பேர் முழங்காலை உயர்த்தி ஓடுகிறார்கள். பார்க்கவே எனக்குக் களைக்கிறது. திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்துவிடுகிறேன்.

மகன் இரண்டு கோட்டுகளோடு வந்து என் காலைப் பார்க்கிறான்.

"நாளைக்கு அந்தச் சக்கர நாற்காலி வரட்டும்," என்கிறேன். "இவ்வளவு காலம் நடந்தனான். எனக்கும் ஒரு பரிசு வேணும்தானே."