சன்னலுக்கு முட்டுக்கொடுத்த புத்தகம்

பிரானி ஸ்கெக்ஸ் புத்தகம் தேர்ந்தெடுக்கும் விதம் எங்கள் ஹுவான் பள்ளத்தாக்கு முழுக்கப் பிரசித்தம். மகள் டெஸ்ஸுக்கான அறிவியல் புத்தகத்தை முதலில் புருஷன் முர்ரேக்குப் படித்துக்காட்டுவாள். சால்மன் பண்ணையில் நாள் முழுக்க வலை இழுத்துவிட்டு வந்து சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் தின்கிற மனிதன், முள்கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி "அப்புறம்?" என்று கேட்டால் புத்தகம் தேறிவிட்டது. கேட்காவிட்டால் மறுநாளே அது என் நூலக மேசைக்குத் திரும்பிவிடும்.

டெஸ்ஸுக்குப் பதினைந்து வயது. ஏழாம் வகுப்பில் பள்ளிப் பேருந்தைக் கண்டாலே வாந்தி எடுப்பாள். அதனால் நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். கணக்கும் வரலாறும் நன்றாகவே ஓடின, அறிவியல் மட்டும் படுத்துவிட்டது. உயிரியல் பாடநூலை ஒரே வாரத்தில் மூடிவிட்டாள். செங்கல் கனத்துக்கு இருந்த அந்தப் புத்தகம், மேலே தூக்கித் திறக்கிற, கயிறு அறுந்துபோன சமையலறைச் சன்னலைக் கீழே விழாமல் தூக்கி நிறுத்தப் பயன்பட்டது. வீட்டுக்கல்வியைப் பார்வையிட வந்த அதிகாரி, "அடுத்த தடவை அறிவியல்ல ஏதாவது காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காட்டாவிட்டால் மறுபடியும் அந்தப் பேருந்துதான்.

"ஆப்பிள் பெட்டி அடுக்குறவ நான். பாடமா இருந்தா எனக்கே மண்டையில ஏறாது. கதையா எழுதினது எதாவது கொடு," என்று பிரானி என்னிடம் வந்தாள்.

கப்பலில் பல் ஈறு அழுகிச் செத்துக்கொண்டிருந்த மாலுமிகளை எலுமிச்சை காப்பாற்றிய கதை, வெடிமருந்துக் கதை, பூமியை அளந்த கதை என்று தேடித்தேடிக் கொடுத்தேன். முள்கரண்டி ஒவ்வொன்றுக்கும் நின்றது. முர்ரே பப்பில் உட்கார்ந்து எலுமிச்சையைப் பற்றி உபதேசம் செய்கிற அளவுக்குப் பண்டிதனாகிவிட்டான். டெஸ் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "ஏய் பிரானி, படிக்கப்போறது உன் பொண்ணா, புருஷனா? அவளைக் கேட்டியா?"

"கேட்டா தோளைக் குலுக்குவா."

"குலுக்கட்டுமே. கேளேன்."

கேட்டிருக்கிறாள். டெஸ் சொன்ன பதிலை மறுநாள் என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். "கண்டுபிடிச்சவங்க மூஞ்சியை அட்டையிலேயே போட்டுடறாங்கம்மா. கடைசியில ஜெயிச்சுடுவாங்கன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குப் படிக்கணும்?"

சரியாகத்தான் சொல்லியிருந்தாள். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அலமாரி முழுக்க அலசி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் காட்டில் திரிகிற டெவில் என்ற கறுப்பு விலங்குகளுக்கு முகத்தில் வருகிற புற்றுநோயைத் துரத்திக்கொண்டு போகிறவர்களின் கதை அது. ஒன்றை ஒன்று கடிக்கும்போது நோயும் தொற்றிக்கொள்கிறது. டெஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, முகம் வீங்கிய ஒன்று அவர்கள் கோழிக்கூண்டருகே வந்து நின்றிருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டில் நடந்ததை பிரானி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்குப் படித்துக்காட்டவே ஆரம்பித்திருக்கிறாள். முர்ரே மென்றுகொண்டே கேட்டிருக்கிறான்.

"முடிவுல மருந்து கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"இல்ல. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்களாம்."

"முடிவே இல்லாத புத்தகத்தை எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

முள்கரண்டி நிற்கவே இல்லை. ஆனால் டெஸ் ஒரு காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு, "இங்க கொடு," என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

அதற்குப் பிறகு அவள் படிக்கிறாளா, கட்டிலுக்கடியில் போட்டுவிட்டாளா என்றே தெரியவில்லை. அதிகாரி வருகிற வாரமும் வந்துவிட்டது. பிரானியின் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பேருந்துப் பேச்சை எடுத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவளை மறுபடி அதுல ஏத்திவிட என்னால முடியாதுடி," என்றாள்.

அந்த நேரம் பார்த்து, யாரோ முட்டுக்குச் செருகியிருந்த மரக்கரண்டி நழுவி, சன்னல் தடாலென்று கீழே விழுந்தது. திடுக்கிட்டதில் இரண்டு பேர் கோப்பையும் கொட்டிப்போனது.

"டெஸ்! இங்க முட்டுக்கொடுத்திருந்த புத்தகம் எங்கடி?"

"எங்கிட்டதாம்மா இருக்கு!" என்று அறையிலிருந்து குரல் வந்தது. "செல்லுன்னா என்னன்னு தெரியாம டெவில் கதை பாதிக்கு மேல புரியமாட்டேங்குது. சன்னலுக்கு வேற எதையாவது வெச்சுக்கோ."

பிரானி என்னைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக எழுந்துபோய்ச் சன்னலைத் தூக்கினாள். கைக்கு எட்டியது முர்ரேயின் எலுமிச்சைக் கதைதான். அதையே முட்டுக்கொடுத்தாள்.

அது என் நூலகத்துப் புத்தகம். மறுநாள் போனதும் அதன் தவணைத் தேதியைத் தள்ளிப்போட்டேன்.