லைசென்ஸ் இல்லாத தோங்கா கம்பெனி

தோங்கா ஒட்டுகிற தொழிலுக்குப் பழைய பேப்பர், மைதாப் பசை, பயப்படாத மனசு மூன்றும் வேண்டும். எங்களிடம் முதல் இரண்டும் தாராளமாக இருந்தன.

தோங்கா என்றால் கல்கத்தாவில் பொரி, கடலை போட்டுத் தருகிற காகிதப் பை. எமர்ஜென்சி காலத்துக் கோடை விடுமுறை அது. பவானிபூரில் ஒரு சந்துக்குள், மாடியில் குடியிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயசு, கீழ்வீட்டு மிட்டுவுக்கும் பன்னிரண்டு. துர்கா பூஜைக்கு ஒரே மாதிரி செருப்பு வாங்க வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தோம். சின்ன வயசில் எதையாவது செய்து விற்றுப் பார்த்தவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் சரக்கு

எங்கள் முதல் வாடிக்கையாளர், பஸ் ஸ்டாப்பில் காரப்பொரி விற்கும் ஹரிபத-தா; 'தா' என்றால் அண்ணன். சின்னப் பெண்கள் எல்லாருமே அவருக்குக் 'குக்கி'தான். நாங்கள் கொண்டுபோன கட்டிலிருந்து ஒரு பையை உருவினார். பொரி, வெங்காயம், பச்சை மிளகாய், கடுகெண்ணெய் எல்லாம் போட்டுக் குலுக்கி அதில் கொட்டினார். வாங்கின ஆள் நல்ல வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனிதர். பை அவர் கைக்குப் போனதும் அடிப்பக்கம் வாயைப் பிளந்தது. பொரி முழுக்க வேட்டியில்.

மிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். பெரியவர் கத்திவிட்டுப் போனார். ஹரிபத-தா மட்டும் நிதானமாகப் பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் வழியாக எங்களைப் பார்த்தார்.

"குக்கி, நீங்க கொண்டுவந்தது பை இல்லை, சட்டைக் கை."

பாதிக் கதை

அதற்கப்புறம் பசையைக் கெட்டியாகக் காய்ச்சினோம். எங்கள் வீட்டுக்குத் தபாலில் வரும் தமிழ் வாரப் பத்திரிகைகளும் பையாக ஆரம்பித்தன. கல்கத்தாக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொரியைத் தின்று முடித்ததும் பையைப் பிரித்து, அதில் இருப்பதைப் படித்துவிட்டுத்தான் போடுவார்கள். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். பசைக் கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் திறந்தேன். வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு தமிழ்க்காரர், கையில் எண்ணெய் வழிகிற எங்கள் பை. ஹரிபத-தாவிடம் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏம்மா, இதுக்கு அடுத்த பை இருக்கா? அந்தப் பொண்ணு கிணத்துல குதிச்சாளா இல்லையான்னு தெரியாம எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடலை!"

நோட்டுப் புத்தகக்காரர்

இப்படிச் சிரிப்பும் பயமுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, சந்துக்குள் லைசென்ஸ் பார்க்கிற ஆள் வந்தார். கக்கத்தில் குடை, கையில் நீள நோட்டு. சலவைக் கடை, டீக்கடை, தையல்காரர் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் மிட்டுவும் மாடிப்படிக்குக் கீழே, எங்கள் தொழிற்சாலையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சைக்கிள் வைக்கிற இடம் அது, கதவு கிடையாது.

குடை முதலில் உள்ளே வந்தது, அப்புறம் அவர். ஒட்டி அடுக்கிய பைகளைப் பார்த்தார். "யாருடைய கம்பெனி?" என்றார். மிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. கையில் விலங்கு மாட்டிச் சந்து வழியாக நடத்திக்கொண்டு போவார்கள், மொத்தப் பள்ளிக்கூடமும் வேடிக்கை பார்க்கும் என்றெல்லாம் மனசு ஓடியது. அவரோ நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"தயாரிப்பு இருக்கு, விற்பனை இருக்கு, ஆனா ரெட்டைப் பின்னல் போட்ட முதலாளிக்கு என் நோட்டுல பத்தி இல்லை, நான் போனப்புறம் அழுங்க."

அப்பாவின் விதிப் புத்தகம்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெரிய சாதனை மாதிரி அதைச் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது.

அப்பாவுக்குக் கிடர்பூர் பக்கம் ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. எமர்ஜென்சியில் சின்னத் தப்புக்கெல்லாம் ஆளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் செக்‌ஷனிலேயே இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்த வேலையை விட்டால் எங்களுக்கு வேறு நாதி கிடையாது. அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து நடத்தை விதிப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்துப் படித்துக் காட்டினார். சர்க்கார் ஊழியரின் குடும்பத்தில் யாராவது வியாபாரம் செய்தால் மேலிடத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

"ஏங்க, குழந்தைங்க பை ஒட்டுறது ஒரு வியாபாரமா?" என்றாள் அம்மா.

"விக்கிறவ இருக்கா, வாங்குறவன் இருக்கான். இன்னும் என்ன இருக்கணும்? குழந்தைன்னா விலக்குன்னு இதுல எங்கேயாவது போட்டிருக்கா, காட்டு பார்ப்போம்!"

கம்பெனி அன்றோடு மூட வேண்டும் என்று உத்தரவு. மூடினாலும் நடந்தது நடந்ததுதானே? எழுதிக் கொடுத்தால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்கள். கொடுக்காவிட்டால் மறைத்தான் என்பார்கள். அப்பா தினமும் ஆபீசிலேயே ஒரு கடிதம் டைப் அடித்து எடுத்து வருவார். வீட்டில் படித்துப் பார்த்து, சரியில்லை என்று வைத்துவிடுவார். இதையெல்லாம் என் பங்குதாரர் மிட்டுவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்.

"உங்க அப்பா சர்க்காருக்கு வேலை பார்க்கிறாரா, இல்லை சர்க்கார்கிட்டேயிருந்து ஒளிஞ்சுக்கிட்டிருக்காரா?"

கடைசி ஆர்டர்

ஹரிபத-தாவுக்கு ஒரு கட்டு பை பாக்கி இருந்தது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அதை மட்டும் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். செய்தித்தாளை அம்மா பூட்டி வைத்துவிட்டாள். ஆனால் அலமாரி மேல் ஒரு அடுக்கு இருந்தது. ஒரு பக்கம் டைப் அடித்து, மறு பக்கம் வெள்ளையாக இருக்கும் ஆபீஸ் காகிதங்கள். சர்க்கார் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், நாங்கள் எல்லாருமே கணக்குப் போட்டுப் பழகியது அதில்தான். மேலேயிருந்து ஒரு கத்தை எடுத்தேன். டைப் அடித்த பக்கத்தைப் படித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பால் வாங்கப் போனபோது ஹரிபத-தா கூப்பிட்டார். மிச்சமிருந்த பைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அதே ஆங்கிலம்: பன்னிரண்டு வயதான என் மகள் காகிதப் பை தயாரித்து விற்கிறாள் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கீழே அப்பாவின் பெயர், பதவி. ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தால் எதையும் எறிய மனசு வராமல், அந்தக் கடிதங்களையும் அப்பா அதே அடுக்கில்தான் வைத்திருக்கிறார். அப்பாவின் மேலதிகாரி கோஷால் பாபு பஸ் ஏறுவதும் இறங்குவதும் அந்த ஸ்டாப்பில்தான்.

"நேத்து சாயங்காலம் எல்லாரும் தின்னுட்டுப் பையைத் தூக்கிப் போட்டுட்டாங்க, குக்கி. உங்க அப்பாவோட கிடர்பூர் பஸ்ல போவாரே, அந்தக் கண்ணாடி பாபு மட்டும் ரெண்டு தடவை படிச்சிட்டு, எண்ணெயோட மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்."

மூடிய அறை

வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வழக்கம்போலக் குடையும் டிபன் டப்பாவுமாகக் கிளம்பினார். என்னால் வேலை போகப்போகிற மனிதர் என் தலையைத் தடவிவிட்டு மாடிப்படி இறங்குகிறார். அன்று பகல் முழுக்க ஜன்னலிலேயே நின்றேன். அந்த மாதிரி பயம் பிறகு என் பிரசவத்தில்கூட வந்ததில்லை.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவிடம்தான் சொன்னார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

கோஷால் பாபு பதினொரு மணிக்குக் கூப்பிட்டாராம். மேஜையில் இருந்த எண்ணெய்ப் பையில் அப்பா தன் கடிதத்தைப் பார்த்தாராம். கையைக் கூப்பிவிட்டாராம். இருபது வருஷ சர்வீஸில் யாரிடமும் கை கூப்பாத மனிதர். கோஷால் பாபு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாராம். திரும்பி வந்தபோது அவர் முகத்திலும் வேர்வை. பையை அப்பாவின் கையில் திணித்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்தாராம்.

"இதை நான் வாங்கினா ஃபைல் திறக்கணும், ஃபைல் திறந்தா எல்லார் வீட்டையும் கேட்பாங்க, நாலு வருஷமா என் பெண்டாட்டி அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைச்சுக் கொடுக்கிறா. தயவுசெஞ்சு இந்தப் பையை யாருக்கும் காட்டாதீங்க!"

அப்பா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. நாலு அறை கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆளில்லாத அறையில்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசுகிற பழக்கம் அன்று அவருக்கு வந்தது. எமர்ஜென்சி போன பிறகும் அது போகவில்லை.

சின்னப் பிள்ளைகளின் வியாபாரத்துக்குச் சட்டம் வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் அதை வரி விடாமல் படிக்கிற அப்பாக்கள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் ஒரு பிரதி அனுப்பிவிடாதீர்கள்.