மாவும் பாவும்

மும்பையில் கடைப் பலகை என்றால் மராத்தி பெரிதாக இருக்க வேண்டும். இங்கிலீஷ் இல்லாவிட்டால் மதிப்பில்லை. மிச்சமிருக்கும் இடுக்கில்தான் தமிழ். தமிழ்ச் சொற்களோ குர்லா ஸ்டேஷன் பிளாட்பாரம் போல நீண்டுகொண்டே போகும். அந்த இடுக்குக்காகவே நான் ஓர் எழுத்துரு வரைந்தேன். தடித்தது, ஒடுங்கியது, வளைவே கிடையாது, எல்லாம் மூலைகள். வாஷியில் நான் வேலை பார்க்கும் விளம்பர ஆபீஸில் யாருக்கும் தமிழ் தெரியாததால் ஒருமனதாகப் பாராட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

முதல் பலகை அக்காவுக்கு. குர்லாவில் தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தாராவியில் எங்கள் சந்து முனையில் அவள் இட்லி மாவு விற்கத் தொடங்கியிருந்தாள். ஓர் ஆள் நின்றால் அடைந்துவிடும் கடை. தீபாவளிக்குள் வியாபாரம் பிடிக்காவிட்டால் மறுபடி தையல் மெஷின்தான் என்று அவளே சொல்லியிருந்தாள். அந்த மெஷினை அவள் எவ்வளவு வெறுத்தாள் என்று எனக்குத் தெரியும்.

'இட்லி மாவு' என்று ஃபிளெக்ஸ் அடித்து மாட்டினேன். எழுத்து கம்பீரமாக நின்றது. மாவுதான் விற்கவில்லை. ஒரு நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏலே, என்னத்தல எழுதி வச்சிருக்க? வாரவன் போறவன்லாம் இட்லி பாவ் குடுன்னு நிக்கான்."

போய்ப் பார்த்தேன். ம-வுக்கும் ப-வுக்கும் வித்தியாசம் வலது பக்கத்து வளையம் ஒன்றுதான். நெருக்குகிற ஆர்வத்தில் அதை நசுக்கி ஒரு தடித்த கோடாக்கியிருந்தேன். தமிழ் நன்றாகப் படிக்கிறவர்கள் சொல்லை மொத்தமாகப் பார்ப்பதால் அவர்களுக்கு அது மாவு. எங்கள் பகுதி இளசுகள் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள். பா, வு. பன் ரொட்டிக்கு இங்கே பாவ் என்று பெயர்; வடா பாவ் தின்று வளர்ந்தவர்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. நான் நிற்கும்போதே ஒரு காலேஜ் பெண் வந்து, "ஆன்ட்டி, ஏக் இட்லி பாவ் தேனா" என்றாள்.

"நாளைக்கே மாத்திருதேன்க்கா" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா எதிரே இருந்த பேக்கரியைப் பார்த்தாள். மறுநாள் பாவைப் பிளந்து, மிளகாய்ப்பொடி தடவி, நடுவில் ஓர் இட்லியை அமுக்கி விற்றாள். எனக்குப் பார்க்கவே கூசியது. சனம் அள்ளிக்கொண்டு போனது. பாவுக்கு வந்தவர்கள் மாவும் வாங்கினார்கள். தீபாவளிக்கு முன்பே பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துவிட்டாள்.

"பெரிய போர்டு வேணும்ல. இட்லி மாவு, இட்லி பாவு, ரெண்டையும் எழுதணும். எது எதுன்னு பாத்ததும் தெரியணும்."

என் எழுத்துருவிலேயே அடுத்தடுத்து எழுதிக் காட்டினேன். "இட்லி பாவு, இட்லி பாவு" என்று படித்தாள். வளையத்தைத் திறந்து மறுபடி வரைந்தேன். மற்ற எழுத்துகளுக்கு நடுவே ம மட்டும் தொப்பை போட்டு நின்றது.

"போட்டும்ல. வேற யார்ட்டயாவது அடிச்சிக்கிடுதேன்" என்றாள், நான் நோகக்கூடாதென்று மெதுவாக.

இப்போது அங்கே சாதாரண உருண்டை எழுத்து. இடம்தான் நிறைய இருக்கிறதே. என் ஃபிளெக்ஸை அக்கா தூக்கி எறியவில்லை. மழைத் தண்ணீர் படாமல் கிரைண்டர் மேல் போர்த்தியிருக்கிறாள், எழுத்துள்ள பக்கம் உள்ளே இருக்கும்படி.