முழங்கைக்கு வைத்த ஷொக்

எங்கள் கந்தோரில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளுக்கு முத்திரை குத்துகிற வேலை என்னுடையது. மைப்பெட்டி எப்போதும் காய்ந்துதான் கிடக்கும். புது மை கேட்டு எழுதினால், அது வந்து சேருவதற்குள் கேட்டவருக்கு இடமாற்றம் வந்துவிடும். மையில் உள்ள குறையைக் கைப்பலத்தால் ஈடுசெய்து, மேசை அதிரக் குத்திப் பழகிவிட்டேன். வெளிநாடு போகிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவர்கள், காணி எழுதுகிறவர்கள் என்று எல்லோருக்கும் என் குத்து வேண்டியிருந்தது. ஒருநாள் காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கினேன். முழங்கையின் வெளிப்பக்கத்தில் கத்தி இறங்கியது போல் வலித்தது. கோப்பை மடியில் கவிழ்ந்தது.

எண்ணெய் பூசினேன், ஒத்தடம் கொடுத்தேன், மாதக்கணக்கில் குளிசை விழுங்கினேன். கந்தோரில் மட்டும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் என்னைக் கணக்கோடு மாரடிக்கிற சம்பளப் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டொக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, தசைநார் நொந்துபோயிருக்கிறது, இதற்கு ரெனிஸ் எல்போ என்று பெயர் என்றார். நான் ஆயுளில் பிடித்த ஒரே மட்டை தென்னைமட்டைதான், அதாலும் கிரிக்கெட் விளையாடினேனே தவிர ரெனிஸ் அல்ல என்று சொன்னேன். அவர் சிரிக்காமல், ஷொக் வேவ் பிடித்துப் பார்ப்போம் என்று எழுதித் தந்தார்.

பிசியோதெரபி அறைக்கு வெளியே ஒரு நீள வாங்கு இருந்தது. கரும்பலகையில் எழுதி எழுதித் தோள் தூக்க முடியாத ஒரு ஆசிரியர், கியர் போட்டு முழங்கை போன இ.போ.ச. பஸ் சாரதி, வார்டில் நடந்து நடந்து குதிக்கால் நொந்த ஒரு தாதி. அவர்களுக்குப் பக்கத்தில் நானும் போய் உட்கார்ந்தேன். அரசாங்கமே நொண்டிக்கொண்டு வந்து அந்த வாங்கில் இருப்பது போலிருந்தது.

சிகிச்சை தருகிற பிள்ளை சின்ன வயது, மெல்லிய குரல். முழங்கையில் குளிர்ந்த களி போன்ற ஒன்றைப் பூசி, துப்பாக்கி போன்ற ஒரு சாமானை வைத்து அழுத்தினாள். உள்ளே ஒரு மரங்கொத்தி இருந்து என் எலும்பைக் கொத்தத் தொடங்கியது. இது கரண்ட் இல்லை, வெறும் அழுத்த அலைதான், ஆறாமல் கிடக்கிற தசைநாரைத் தட்டி எழுப்பும் என்று விளக்கினாள். நோ எப்படி என்று கேட்டாள். அரசாங்க உத்தியோகத்தன் என்ற மரியாதையைக் காப்பாற்ற வேண்டி, நடுத்தரம் என்றேன்.

“நடுத்தரம் எண்டால் ஏன் ஐயா கட்டிலுக்கு உதைக்கிறியள்?” என்றாள்.

கிழமைக்கு ஒருமுறை வரவேண்டும், வீட்டில் பயிற்சி செய்யவேண்டும், கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில், லீவு ஏன் என்று விசாரிக்கக் கந்தோர் உதவியாளர் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார். என் மனைவி உள்ளதைத்தான் சொன்னாள். அவருக்கு ஆஸ்பத்திரியில் ஷொக் குடுக்கினம், வேலை கூடினதால் வந்த வருத்தமாம், இனிக் கிழமைக்கொருக்காப் போகவேணும். ஒரு பொய்யும் இல்லை. முழங்கை என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தாளாம்.

அடுத்த நாள் கந்தோருக்குப் போனால், என் மேசைக்கு நேராகக் காற்றாடி திருப்பி வைத்திருந்தது. கேட்காமலே தேநீர் வந்தது. கத்தரிக்கோலையும் பேப்பர் வெட்டுகிற பிளேட்டையும் காணவில்லை. கேட்டபோது உதவியாளர், உங்களுக்கு ஏன் சேர் கரைச்சல், வெட்டவேண்டியதை என்னிடம் தாருங்கோ என்றார். சான்றிதழுக்கு வந்து எப்போதும் சத்தம் போடுகிற, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் கூட, என் முன்னால் நின்று குழந்தையோடு கதைப்பது போலக் கதைத்தார். கைநோ எப்படியோ தெரிந்துவிட்டது, இத்தனை வருடம் அரசாங்கத்துக்கு உழைத்த கைக்குக் கடைசியில் மரியாதை கிடைத்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போனேன்.

சில கிழமைகள் இப்படியே இராச வாழ்க்கையாகப் போயிற்று. ஒரு மத்தியானம் எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்டிப்பான பெண்மணி, அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். கதவைச் சாத்தச் சொன்னார். சம்பளப் பகுதிக்கு மாற்றம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். ஒருத்தருக்கும் சொல்லப்படாது” என்றார். “மகள் கனடாவுக்குப் போனாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. வீட்டிலை சட்டி பானையோடை கதைக்கிறன். நேற்று மிக்சியோடை சண்டை பிடிச்சன். உந்த ஷொக் வைச்சால் சுகம் வருமோ?”

காற்றாடியும் தேநீரும் காணாமற்போன கத்தரிக்கோலும் அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கின. கந்தோர் முழுவதும் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“மிஸ், எனக்கு வைக்கிறது முழங்கையிலை” என்றேன்.

“தலையிலை இல்லையோ?”

“இல்லை மிஸ். முத்திரை குத்தினதாலை வந்த நோ.”

அவர் என் முழங்கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் முழங்கையைப் பார்த்தார். அவருடைய வாய்க்கோடியில் ஏதோ துடித்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து அந்தக் கந்தோரில் ஒருவரும் கண்டதில்லை. கண்ணில் நீர் வர, மேசையில் கைவைத்துக் குனிந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த உதவியாளர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பச் சாத்தினார்.

சிரிப்பு ஓய்ந்த பிறகு அவர் உண்மையாகவே கொஞ்சம் அழுதார். என் மைத்துனிக்கும் ஒருகாலம் நித்திரை இல்லாமல் இருந்தது, ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு கிளினிக் இருக்கிறது, அந்த டொக்டர் ஆறுதலாகக் கேட்பார், என் மனைவி கூட வருவாள் என்று சொன்னேன். பார்ப்போம் என்று மட்டும் சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே எல்லோரையும் கூட்டி, எனக்கு வருத்தம் முழங்கையில்தான், இனி ஒருவரும் கண்டபடி கதைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஒருவரும் நம்பவில்லை. மிஸ் பாவம், அவரைக் காப்பாற்றுகிறா என்று பின்னால் கதைத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் அவர் என் மனைவியுடன் அந்தக் கிளினிக்குக்குப் போனார். மிஸ் எதற்கு லீவு என்று கந்தோரில் ஆராய்ந்து, முழங்கால் வருத்தம் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். அவர் வந்ததும் உட்காரக் கதிரையைப் பாய்ந்து இழுத்துப் போட்டார்கள்.

மரங்கொத்தி மெல்ல மெல்லத் தன் வேலையைச் செய்தது. இப்போது நோவில்லாமல் வாளித் தண்ணீர் தூக்குகிறேன். மிஸ்ஸுக்கும் நித்திரை பரவாயில்லை என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு சீட்டில் முந்நூற்றிநாலு விளையாடுகிறார். எனக்குக் கூட்டாளி அவர்தான். நான் பிழையான சீட்டைப் போட்டால், கந்தோரில் ஏசுவதை விட மோசமாக ஏசுகிறார். அடுத்த ஆட்டத்துக்கு மனைவியைக் கூட்டாளியாகக் கேட்டுப் பார்த்தேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை.